இரண்டாம் நாள் கோழி

"அண்ணை, கோழித்துண்டு ஆற்றை கோப்பையிலை விழுகுதோ, அவருக்குச் சீட்டுக் கிழிஞ்சுது!"

பீற்றர் வெங்காயம் உரித்தபடியே சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சீனச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கல்யாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"பெரிய குக்தான் சொன்னவர். ஹொங்கொங்கிலை உப்பிடித்தானாம். சீனப் புதுவருசத்துக்கு அடுத்த நாள் முதலாளி எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போடுவாராம். ஆரை வேலையாலை நிப்பாட்டப் போறாரோ, அவற்றை கோப்பையிலை தன்ரை கையாலை ஒரு கோழித்துண்டை எடுத்து வைப்பாராம். வாயாலை ஒண்டும் சொல்லமாட்டாராம். சாப்பிட்டிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்."

"நாங்கள் வந்து நாலு வருசம். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே?"

"நாலு வருசமும் கடை ஓடினது அண்ணை. இப்ப ஓடுதே?"

ஓடவில்லைதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பிறந்தபோது லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதி முழுக்க வேலை இல்லாத ஆட்கள். வெள்ளிக்கிழமையிலும் பாதி மேசை வெறுமையாகக் கிடந்தது. முதலாளி மிஸ்டர் லாம் கொஞ்ச நாளாக யாரையும் ஏசுவதில்லை. ஏசுகிற முதலாளியோடு காலம் தள்ளலாம், ஏசாத முதலாளியை எப்படி நம்புவது? குசினிக்கு இரண்டு எடுபிடிகள் எதற்கு என்று மிஸஸ் லாம் கேட்டதும் கல்யாணசுந்தரத்தின் காதில் விழுந்துவிட்டது.

இந்த வேலை போனால் அவனுக்கு எல்லாமே போச்சு. சந்திரவதனாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் எட்டு மாதமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அடைந்து கிடந்தார்கள். விசா கிடைத்தபின் காத்திருக்க வேண்டிய நாலு வருசமும் முடிந்துவிட்டது, இனிக் குடும்பத்தைக் கூப்பிடலாம். ஆனால் வேலைக் கடிதமும் ஆறு மாசச் சம்பளத்துக்கான பே சிலிப்பும் இல்லாமல் முடியாது என்று விசா விசயம் பார்க்கும் சொலிசிட்டர் ஒற்றைக்காலில் நின்றார். "அப்பா, எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று சின்னவள் ஒவ்வொரு முறையும் டெலிபோனில் கேட்டாள்.

பீற்றர் தனிக்கட்டை. கல்யாணசுந்தரத்தோடு ஒரே அறையில் இருக்கிறவன், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறவன். இந்தக் கடை இல்லாவிட்டால் அவனுக்கு இன்னொரு கடை. இப்படித்தான் அண்ணை தன் மனதுக்குச் சமாதானம் சொன்னான்.

வியாழக்கிழமை முதலாளி மேல்மாடியில் தனியே இருக்கும் நேரம் பார்த்து ஏறிப்போனான். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணை, கெஞ்சிக் கேட்டனீங்களோ?"

"ஓம். மனுசி பிள்ளையளைப் பற்றிச் சொன்னனான்."

"என்னவாம்?"

"யோசிக்கிறாராம்."

"பயப்பிடாதேங்கோ. மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன். எனக்கில்லை, உங்களுக்குத்தான்."

கல்யாணசுந்தரம் போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

சனிக்கிழமை புதுவருசம். சேவல் வருசமாம், கோழியை நினைத்து நடுங்குகிறவனுக்கு அதுவும் சேர்ந்து வந்தது. வந்த அதிர்ஷ்டத்தைக் கூட்டித் தள்ளிவிடக்கூடாது என்று மிஸஸ் லாம் விளக்குமாற்றை ஒளித்து வைத்தாள். அன்றைக்கு யாரும் கெட்ட வார்த்தை, கெட்ட செய்தி வாயில் எடுக்கக்கூடாது. இருவருக்கும் அதிர்ஷ்டக் காசு வைத்த சிவப்புக் கவர் கொடுத்தாள். பீற்றர் கதவெல்லாம் சிவப்புக் கடதாசி ஒட்டினான். கல்யாணசுந்தரம் அவன் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் வட்ட மேசையில் இருந்தார்கள். முழு மீன், நூடில்ஸ், தோடம்பழம். நடுவில் தலையோடு அவித்த கோழி.

மிஸ்டர் லாம் எழுந்து நின்றார். நல்ல தொடைத்துண்டு ஒன்றைச் சாப்பிடும் குச்சியால் தூக்கினார். துண்டு பீற்றரின் கோப்பையைத் தாண்டி, கல்யாணசுந்தரத்தின் பக்கம் வந்தது. ஐயோ கடவுளே என்று அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தபோது அவன் கோப்பையில் சோறு மட்டும்தான் இருந்தது. கோழித்துண்டு மிஸ்டர் லாமின் கோப்பையிலேயே கிடந்தது.

"இந்த வருசம் கோழி எனக்குத்தான்," என்றார் அவர் தன் உடைந்த இங்கிலீசில். "கடையை விற்றுவிட்டேன். நேற்று நல்ல நாள், அதனால் சொல்லவில்லை."

அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வாங்கியவரிடம் உங்கள் இரண்டு பேருக்காகவும் பேசினேன். நல்ல வேலைக்காரர்கள், வைத்திருங்கள் என்றேன். சரி, இருவரும் இருக்கட்டும் என்றார். வேலைக் கடிதம்கூட எழுதித் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான், பீற்றருக்கு விசா இல்லை, வேறு ஒருவன் பெயரில் வேலை செய்கிறான் என்று எனக்குத் தெரிய வந்தது. அதை மறைத்துக் கடையை விற்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னேன். அந்த மனிதர் பயந்துவிட்டார். இனி உங்கள் நாட்டு ஆட்கள் ஒருவருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்."

கல்யாணசுந்தரத்துக்குக் கொழும்பு லொட்ஜும், சின்னவளின் குரலும், பே சிலிப்பும் எல்லாம் கண் முன்னே ஒன்றாக இருண்டன.

பீற்றர் முதலாளியைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பிக் கல்யாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தான். கோபமே இல்லாத குரலில் கேட்டான்:

"அண்ணை, எனக்கு விசா இல்லையெண்டு இந்த லண்டனிலை உங்கள் ஒராளுக்குத்தானே தெரியும்?"