நட்டின் மேல் ஒரு பென்சில் கோடு

"மெதுவா ஊத்துங்க சகலை," என்றார் மூத்த மாப்பிள்ளை.

வாய்தான் சகலை என்றது. கண் அந்தச் சகலையின் கையை விட்டு நகரவே இல்லை.

மாமனார் வீட்டு ஷெட்டில், இரண்டு பெஞ்சுகளின் மேல் அந்தச் சின்னப் பாய்மரப் படகு ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் குறுகலாக ஒரு மரப்பெட்டி. காற்றில் படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, அந்தப் பெட்டி வழியாகத்தான் நடுப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். இப்போது பெட்டியின் அடிப்பக்கத்தை டேப் போட்டு அடைத்துவிட்டு, மேலிருந்து வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் இளைய மாப்பிள்ளை.

எங்கே சொட்டுகிறதோ, அங்கேதான் ஓட்டை.

நாளைக்கு மாமனார் வந்து பார்ப்பார். ஒழுகினால் படகைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஷெட்டை இளையவரின் புதுக் காருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். மாமியாரே மூச்சு விட மாட்டார்.

மூத்தவருக்கு அந்தப் படகென்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று பேர். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலும் அவர் பேச ஆரம்பித்தால் யாருக்காவது அடுப்படியில் வேலை வந்துவிடும். அவர் இழுத்த இழுப்புக்கு வருவது உலகத்திலேயே இந்தப் படகு ஒன்றுதான். இதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர் எங்கே போவார்?

காரோ இளையவருடையது. ஒழுகினால் ஷெட் அவருக்கு. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

போன வாரம், பெட்டியும் படகின் அடிப்பாகமும் சேர்கிற மூலைகளை இருவரும் சேர்ந்துதான் சுரண்டிப் பசை வைத்து அடைத்தார்கள். மிச்சம் இருந்தது, பலகையைத் தாங்குகிற போல்ட்டு. பெட்டியை ஊடுருவிப் போகிற போல்ட்டு அது. இரண்டு பக்கமும் புது ரப்பர் வாஷர் போட்டு, நட்டை முடுக்கிய பிறகு, இளையவர் கை கழுவப் போன நேரம் பார்த்து மூத்தவர் ஒரு காரியம் செய்தார். நட்டிலிருந்து மரம் வரை பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சகலையின் கண்ணில்கூட இது படாது என்று அவருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். மரத்தில் இருந்த பாதி ஓரிடம், நட்டில் இருந்த பாதி வேறிடம்.

சகலை நட்டைத் தளர்த்திவிட்டார்! ஆனாலும், கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால், தேனொழுகப் பேசியே ஆள் நழுவிவிடுவார் என்று நினைத்தார். நட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, புதுசாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் அதே கதை. வாரம் முழுக்க அதே கதை.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். தங்கச்சி வீட்டுக்காரரைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இப்போது பெட்டியில் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது. இருவரும் படகுக்குள் தலையை நீட்டிக் குனிந்தார்கள். மூலைகளில் சொட்டு ஈரம் இல்லை. இளையவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் மூத்தவர்.

அப்போது போல்ட்டுக்கு மேலே மரத்தில் தலைமுடி மாதிரி ஒரு இழை ஈரமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு துளி திரண்டு கீழே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மூத்தவர் விரலால் தடவினார். விரிசல். போல்ட்டுத் துளையில் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு மேலே ஓடியிருந்தது. ரப்பர் வாஷர் நசுங்கி வெளியே பிதுங்கிக் கிடந்தது.

வாரம் பூராவும் சேர்த்து வைத்திருந்த கேள்வி அவர் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் இளையவர் ஈரத்தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சகலை உடைச்சிட்டேன். தினமும் நட்டுல புதுக்கோடு இருந்துச்சு. படகு சரியாயிட்டா இங்க வந்து உட்கார சாக்கு இல்லாம போயிடுமேன்னு, நீங்களே கழட்டிக் கழட்டி விடுறீங்கன்னு நினைச்சேன். அதான் சாயங்காலம் கடையை அடைச்சிட்டு வந்து, தினமும் கொஞ்சம் இறுக்கிட்டுப் போனேன்."

இறுக்கினாரா?

கோடு இடம் மாறியது உண்மை. எந்தப் பக்கம் மாறியது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கலாம், கணக்கு வாத்தியார். தளர்த்தியிருப்பார் என்று மனசு முடிவு கட்டிய பிறகு கண் எதைப் பார்க்கும்?

இளையவரின் கண் கலங்கியிருந்தது. மாமாவிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆசாரியைக் கூட்டிவந்து அந்தப் பக்கத்துக்குப் புதுப் பலகை போடுவது தன் பொறுப்பு என்றார். கார் தெருவிலேயே நிற்கட்டும், இந்தப் படகு இங்கிருந்து போகாது, மாமா காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்கிறேன் என்றார். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூத்தவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது. படகு பிழைத்துவிட்டதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இன்னும் வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு வாயையும் திறந்தார்.

"பரவாயில்லை, விடுங்க," என்றார்.

இளையவர் எழுந்து வந்து, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உங்களுக்குப் பெரிய மனசு சகலை என்றார்.

அன்று காலையிலும் அந்தக் கைதான், நட்டை இன்னும் ஒரு அரைச் சுற்று இறுக்கிவிட்டுப் புதுக்கோடு போட்டிருந்தது.