நடு விலை

"கூடச் சொன்னியளெண்டா வித்துப்போடுவா. குறையச் சொன்னியளெண்டா எறிஞ்சுபோடுவா. ரெண்டும் இல்லாமல் நடுவில ஒரு விலை சொல்லுங்கோ, பிள்ளை!"

சொல்லிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார் கனகலிங்கம். ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிலவறை அது. மனைவி பாலாம்பிகை மூன்றாவது மாடியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் அவருக்குப் பயம்தான்.

பத்மப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கார்ல்ஸ்ரூஹே நகரில் பழைய கார்களையும் அவற்றின் பாகங்களையும் மதிப்பிடுவது அவள் தொழில்.

"நடு விலைன்னா எவ்ளோ, அங்கிள்?"

"அது வந்து... விக்கவும் மனம் வரக்கூடாது, எறியவும் மனம் வரக்கூடாது. அப்பிடி ஒண்டு."

அப்படி ஒரு விலை உலகத்தில் எந்தப் பொருளுக்கும் கிடையாது என்று அவருக்கும் தெரியும். என்ன செய்வது? சனிக்கிழமைக்குள் நிலவறை காலியாக வேண்டும் என்று பாலாம்பிகை சொல்லிவிட்டாள். தமிழ்ச் சங்கத்தின் பெரிய சமையல் கிடாரங்களை வைக்க இடம் வேண்டுமாம். மதிப்பிட ஆள் பிடித்ததும் அவளேதான்.

அந்தச் சின்ன அறையில் மஸ்டாங் என்கிற அமெரிக்க மசில் காரின் நாற்பத்தேழு பாகங்கள் இருந்தன. எல்லாம் 1969-ஆம் வருட மாடலுக்கு என்று தேடித் தேடி வாங்கியவை. கார் மட்டும் இல்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஸ்டியரிங்கில் ஆரம்பித்தவர், ஒவ்வொன்றாகச் சேர்த்து எஞ்சின் வரை வந்துவிட்டார். காரை வாங்கலாம் என்று கிளம்பும்போதெல்லாம் மகளின் படிப்பு, மகனின் கல்யாணம் என்று ஏதாவது வந்து நின்றது.

பத்மப்ரியா பெட்டி பெட்டியாகத் திறந்தாள். கார்புரேட்டரை எடுத்து, ஒட்டியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டி, அடியில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தாள்.

"அறுபத்தொன்பது! பக்கா ஒரிஜினல், அங்கிள்."

"பின்ன! இப்பிடி ஒண்டு ஜெர்மனி முழுக்கத் தேடினாலும்..." என்று நெஞ்சை நிமிர்த்தியவர், சட்டென்று குரலை இறக்கினார். "பெரிசா ஒண்டுமில்லை, பிள்ளை. பழைய இரும்புதான்."

அவள் நோட்டில் ஒரு 'டிக்' போட்டாள்.

அடுத்து முன்பக்கக் கிரில். அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது அறுபத்தெட்டு மாடல். யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க."

"அறுபத்தெட்டெண்டாலும் நல்ல விலை போகுமே?"

"சூப்பரா போகும். ஆனா தேறாது, அங்கிள்." பெருக்கல் குறி போட்டாள்.

விலை போகுமாம், தேறாதாம்! இது என்ன மதிப்பீடு என்று கனகலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. காய்ந்து வெடித்த கதவு ரப்பருக்கும் பெருக்கல் குறிதான். நைசாக நோட்டை எட்டிப் பார்த்தார். எங்கேயும் ஒரு விலை எழுதியிருக்கவில்லை. 'டிக்' விற்பதற்கு, பெருக்கல் குப்பைக்கு என்று தானே முடிவு செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

மேலே போனதும் ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டே பாலாம்பிகை கேட்டாள்: "எத்தினை தேறிச்சுது, பிள்ளை?"

"நாற்பத்தேழுல நாற்பத்தொண்ணு, ஆன்டி!"

"நாற்பதுக்கு மேலயோ! அப்ப வரச் சொல்லுங்கோ."

பத்மப்ரியா போனை எடுத்து ஜெர்மனில் இரண்டே வார்த்தை பேசி வைத்தாள். வாங்குகிறவன் வரப்போகிறான் என்பது கனகலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்காமலே தட்டில் வைத்தார். அவர் ரோல்ஸைத் திருப்பி வைத்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

"இஞ்சாரும், பாலா. அந்தக் காரை நான் ஒருநாளும் வாங்கப் போறேல்லை. அது எனக்கு வடிவாத் தெரியும். ஆனாக் கீழ போய் அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தனெண்டா, வாங்குவன் எண்டு ஒரு நினைப்பு வரும். அதை விக்க ஏலாது. கிடாரத்தை எங்கட படுக்கை அறையில வையும். வேணுமெண்டா நான் கிடாரத்துக்குள்ள படுக்கிறன்!"

பத்மப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எண்ணெய்ப் புகை" என்றாள்.

கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

"வந்திட்டான். எழும்பி வந்து பாருங்கோ."

"நான் பார்க்க மாட்டன்."

"வாங்கோ எண்டுறன்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினாள். லாரியின் முதுகில், எஞ்சின் இல்லாமல், விளக்கு இல்லாமல், ஸ்டியரிங் இல்லாமல், சிவப்பு வெளுத்துப்போன ஒரு வெறும் கார்க் கூடு உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கைப் பார்த்ததுமே அவருக்கு வருடம் தெரிந்துவிட்டது. அறுபத்தொன்பது!

"இது... இது ஆற்ற கார்?" என்றார்.

"கிடாரமும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளை வந்தது விலை பார்க்கவும் இல்லை. நாற்பதுக்கு மேல பொருந்தினா இந்தக் கூட்டை எடுப்பம் எண்டு நான்தான் சொல்லி வச்சனான்" என்றாள் பாலாம்பிகை. "இருபத்தாறு வருசமா நீங்கள் சாமான் சேர்த்தியள். நான் மட்டும் சும்மாவா இருந்தனான்? உங்களுக்குச் சொல்லாமல் சீட்டுக் கட்டினன்!"