கடல் வரைந்த கார்டு

ஒரு கம்ப்யூட்டருக்குள் சின்னதும் பெரிதுமாக, திரைக்குப் படம் வரைந்து தரும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் குடியிருந்தன. புதிதாக வந்த மானிட்டரின் கேபிளைச் சின்னதில்தான் செருகினார்கள். செருகியதுமே மானிட்டரின் முகமெங்கும் கடல் விரிந்தது. அலை நுரைத்தது, நுரைக்குள் ஒரு நண்டு குடுகுடுவென்று ஓடியது. மானிட்டர் சின்னதைப் பார்த்துக் கூவியது.

“அண்ணே, இத்தனூண்டு இருந்துக்கிட்டு இவ்வளவு பெரிய கடலை வரைஞ்சுட்டீங்களே!”

சின்னது அசட்டுச் சிரிப்போடு பாராட்டை வாங்கிக்கொண்டது. பக்கத்தில் பெரியது விசிறி உறுமச் சூடாக மூச்சு விட்டது. ‘உடம்பை வளர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து இரைக்கிறதே’ என்று மானிட்டர் முகம் சுளித்தது.

ஒரு நாள் கேபிள் கழன்று விழுந்தது. எடுத்தவர்கள் அதைப் பெரியதில் செருகிவிட்டார்கள். போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்ட மானிட்டர், திறந்து பார்த்தால் அதே கடல், அதே நண்டு!

“இது சின்னண்ணன் வரைஞ்சதாச்சே?”

“வரையறது நான். இத்தனை நாளா அவன் கையில கொடுத்தனுப்பினேன்.”

மானிட்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “அத்தனை அலையும் நீங்களா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?”

பெரியது தயங்கியது. “வரையறதோட சரிப்பா, எனக்குக் கண் கிடையாது. நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். கடல் எப்படி இருக்கும்?”