சும்மா கிடைத்த அவுட்பீல்டர்

"கார்வரை நீங்கள் எடுங்கோ அங்கிள். பதிலுக்கு உங்கட ரீமில உதவாத ஒருத்தனைத் தாங்கோ, காணும்."

இராஜரட்ணம், கூட வேலைசெய்யும் துஷாந்தைப் பார்த்தார். வெக்ஸ்போர்ட் தொழிற்சாலையில் காகிதத்திலேயே ஒரு பேஸ்போல் லீக் நடக்கிறது. நிஜ ஆட்டக்காரர்களை ஆளாளுக்குப் பிரித்தெடுப்பார்கள். அவர்கள் மைதானத்தில் அடிக்க அடிக்க, இவர்களுக்குப் புள்ளி ஏறும். இராஜரட்ணம் போன வருடம் கடைசி. இந்த முறையும் கடைசியானால் கன்ரீனில் தலைகாட்ட முடியாது. துஷாந்தின் கார்வரோ, எல்லையோரம் நின்று பந்து பிடிக்கும் அவுட்பீல்டர்களில் முதல் ஆள்.

"கார்வருக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லை அங்கிள். யோசிச்சுச் சொல்லுங்கோ."

என்ன நோய், என்ன காயம் என்று இராஜரட்ணம் பழைய பத்திரிகைகளைக் கிளறினார். முழங்கால் நல்லாயிருந்தது. ஹோம் ரன் குறையவில்லை. வயதும் போகவில்லை. ஒரு குறையும் அகப்படாதது அவரை இன்னும் பயப்படுத்தியது.

சாப்பிடும்போது சொன்னார். "நல்ல ஆட்டக்காரனைச் சும்மா தாறான் எண்டால், உள்ளுக்கை ஏதோ கிடக்கு. துஷாந்திட்டை நாளைக்கு வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

மனைவி தவமணி மகளைப் பார்த்தாள். மயூரி சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள்.

"குடுக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான் அப்பா," என்றாள் மயூரி கடைசியில். "துஷாந்த் கேக்கேல்லை. என்னைப் பொம்பிளை கேட்டு வாறதுக்கு முதல் உங்களைச் சந்தோசப்படுத்த வேணுமாம்."

இராஜரட்ணம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"சீதனம் எவ்வளவு கேக்கினம்?"

"ஒண்டும் வேண்டாமாம்."

அவர் முகம் மறுபடி இருண்டது.

"அப்ப உவனுக்கு என்ன வருத்தம்?"