மூன்றாவது ஹோடி

நுங்வி கடற்கரையின் சுற்றுலாக் கூட்டம் பொறுக்காமல் எங்கள் லுஷோட்டோ மலைக்குக் குடிவந்தவள் பக்கத்து வீட்டு சுஹுரா. ஆறு வருஷத்துக்கு முன் மீன்பிடிக்கப் போன புருஷன் திரும்பவில்லை.

"அந்த இரைச்சல்ல அவர் வாசல்ல வந்து கூப்பிட்டாக்கூடக் கேக்காது அக்கா. இங்க கேக்கும்."

"கடல்ல போனவன் மலை ஏறியாடி வருவான்?" என்பேன்.

வாசலில் மூன்று தரம் 'ஹோடி' என்று கூப்பிட்டு, பதில் இல்லாவிட்டால் திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். நேற்று அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, அவள் வாசலில் ஓர் ஆண்குரல் ஹோடி சொன்னது. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஆளைக் காணோம்; குரல் மட்டும் மறுபடி மறுபடி கேட்டது. ஊர் வம்பெல்லாம் பேசுகிற நான் அப்போது மட்டும் பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்த சுஹுரா, படியில் ஈர மணலாகப் பதிந்திருந்த இரண்டு காலடிகளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எத்தனை தரம் கூப்பிட்டார் அக்கா?"

"மூணு" என்றேன்.