நன்றி சொன்ன கிளி

உருகுவே ஆற்றங்கரையில் எறும்புத்தின்னி அக்காவும் ஆமையும் தினமும் மாத்தே என்கிற கசப்புத் தேநீர் குடிப்பார்கள். ஒரே சுரைக்குடுவைதான், ஒரே உறிஞ்சுகுழல்தான். ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சுற்றி வரும்.

காட்டுத்தீயில் கூட்டை இழந்த வெளியூர்க் கிளி ஒன்று, இவர்களோடு இருந்துகொள்ள இடம் கேட்கலாமென்று அங்கே வந்தது. கேட்க வாய் வரவில்லை.

"வா கண்ணு, முதல்ல குடி" என்று அக்கா குடுவையை நீட்டினாள்.

"அக்காவுக்குக் குழல் எதுக்கு? அந்த மூக்கே போதுமே!" என்றது ஆமை. கிளி சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, "ரொம்ப நன்றி அக்கா" என்றது.

அதன்பின் குடுவை ஆமைக்குப் போனது, அக்காவுக்கு வந்தது, மறுபடி ஆமைக்கே போனது. கிளியின் பக்கம் வரவேயில்லை. 'நாம இங்க வேண்டாதவங்க போல' என்று கிளி மெல்லப் பறந்து அக்கரைக்குப் போய்விட்டது.

"இன்னும் கொடுக்க ஆசையா இருந்தேன். அதுக்குள்ள போதும்னு நன்றி சொல்லிட்டுதே" என்றாள் அக்கா.

"நன்றின்னா போதும்னு அர்த்தம் நம்மகிட்டதான் அக்கா. வெளியூர்க்காரங்க சொன்னா அது வெறும் நன்றிதான்."

அக்கா பதறி எழுந்து ஆற்றோரம் ஓடினாள். "கண்ணு, இன்னும் இருக்கு, வா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் அக்கரைக்கு எட்டவில்லை.