மாப்பிள்ளையின் விரல்கள்

பேச்சு போய், வலது கை விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து கட்டில் கம்பியில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறான் மாப்பிள்ளை.

வாசலில் நின்று பார்த்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது கிட்டார் பயிற்சி. அவளுக்குத் தெரியாததா? கிட்டார் கையில் இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜை, பஸ் ஜன்னல் எதையும் விடமாட்டான். மற்ற விரல்களைப் பதித்துக்கொண்டு ஒன்றை மட்டும் தூக்கித் தூக்கித் தட்டுவான். அடுத்த மாதம் கச்சேரி வேறு.

"எங்கப்பா இப்படிக் கிடக்கிறப்பவும் உங்களுக்குக் கச்சேரிதான் பெரிசா?"

"அதில்லம்மா, மாமாதான்..."

"பேச முடியாதவர் மேல பழியைப் போடாதீங்க. இனிமே இங்க தட்டினா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவள் லீவு போட்டுவிட்டு அப்பாவோடேயே இருந்தாள். மாலையில் அவன் வந்தால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பா அந்தக் கைகளையே பார்ப்பார். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊருக்குப் போயிருந்த பிசியோதெரபிஸ்ட் அடுத்த வாரம் வந்தாள். அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்தவள் முகம் மாறியது.

"ரெண்டு விரல் நல்லா அசைஞ்சுதே! ஏன் பயிற்சியை நிறுத்தினீங்க?"

"என்ன பயிற்சி?"

"உங்க வீட்டுக்காரர் கம்பியில தட்டிக் காட்டுவாரே. நான் சொன்னா ஐயா முறைப்பார். மாப்பிள்ளை தட்டினா மட்டும் போட்டி போட்டுக்கிட்டுப் போர்வைக்குள்ள அதே விரலைத் தூக்குவார்."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே..."

"மாப்பிள்ளைதான் வேண்டாம்னார். இப்பவே சொல்லி, கை வராமப் போயிட்டா நீங்க தாங்கமாட்டீங்களாம்."

சுவரைப் பார்த்துக் கிடந்த அப்பாவின் வலது கையை எடுத்து, விரல்களைத் தடவிக்கொடுத்தாள் மகள்.

சாயங்காலம் கணவன் வந்ததும், அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டில் கம்பிமேல் வைத்தாள்.

அவன் விரல்கள் அசையவில்லை. பயந்த பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"தட்டலாமா?"